நள்ளிரவு நிலவரப்படி

முதலில் வரைபடம் போடச் சொன்னார்கள்.
வடக்கைக் காட்ட ஓர் அம்பு.
காரை வீட்டுக்குச் சதுரம், கூரை வீட்டுக்கு முக்கோணம்,
யாரும் குடியில்லை என்றால் உள்ளே கோடிழுத்து நிரப்ப வேண்டும்.
சிறுகரைப்பாக்கத்துக்கு முக்கோணம் போட்டே
என் பென்சில் பாதியாயிற்று.

தெற்கே பெண்ணையாறு.
தண்ணீருக்கு ஒரு குறி தந்திருந்தார்கள், மணலுக்குத் தரவில்லை.
லாரித் தடத்தையும் ஆற்றைப் போலவே நெளித்து வரைந்தேன்.
மேற்பார்வையாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
"இங்க ரெண்டு ஆறா?" என்றார்.
மேற்கே கரும்பு.
கிழக்கே கடல் இருப்பது
ஐப்பசியில், காதுக்கு மட்டும் தெரியும்.

ஊர் நடுவே ஒரு கோடு போகிறது.
பிரெஞ்சுக்காரன் காலத்தில் அதற்குக் கல் நட்டார்களாம்.
ஒரு கல்லில் செங்கேணி துணி அடித்துத் துவைக்கிறாள்.
இன்னொன்று மஞ்சள் பூசி, பாவாடை கட்டி, ஆடியில் கூழ் வாங்கிக்கொள்கிறது.
மற்றதெல்லாம் எங்கே என்று கேட்டால்
ஒவ்வொருவரும் அடுத்தவர் வீட்டு அஸ்திவாரத்தைக் காட்டுகிறார்கள்.
அந்தப்பக்கம் புதுச்சேரி: பெட்ரோல் மலிவு, பிராந்தி மலிவு.
இந்தப்பக்கம் கடலூர் மாவட்டம்: கலர் டிவி சும்மா,
பார்க்கத்தான் கரண்ட் இல்லை.
"நம்ம கம்பம் அணைஞ்சா அவங்க வெளிச்சத்துல சோறு தின்னுவோம்,
சரித்திரம்னா அவ்வளவுதான் டீச்சர்" என்றார் தபால்கார ராயப்பன்.

கோதண்டம் வீட்டுக்கு நான் போனபோது
அதே நோட்டோடு அந்தப்பக்கத்து எமிலியன் சாரும் வந்திருந்தார்.
படுக்கும் அறை என் மாவட்டம், அடுப்படி அவர் கொம்யூன்.
ஓர் உலையில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்கிறது விதி.
ஆறு பேரை
ஓர் அடுப்புக்கு இழந்தேன்.
கோதண்டத்தின் மனைவி இருவருக்கும் மோர் கொடுத்தாள்,
அதுவும் புதுச்சேரி மோர்தான்.

காலனிக்குப் பின்னால் பதினோரு வீடுகள்,
அலை வந்த வருஷம் கரையிலிருந்து வந்தவர்கள்.
இடம் பெயர்ந்த காரணம் என்ற கட்டத்தில்
வேலைக்கு ஓர் எண், கல்யாணத்துக்கு ஓர் எண்,
படிப்புக்கு, வியாபாரத்துக்கு.
கடலுக்கு எண் இல்லை.
பதினோரு முறை 'மற்றவை' என்று போட்டேன்.
பன்னிரண்டாவது முறை யாரும் கேட்காமலே
என் கை அதையே எழுதப் போனது.

பிப்ரவரி இருபத்தெட்டு, இரவு பன்னிரண்டு மணி.
அந்த நொடியில் மூச்சுவிட்டவர்கள்தான் ஊர்.
கீற்றுக்கொட்டகையில், கல்வெட்டுப் பாலத்தடியில் படுத்திருந்தவர்களை
டார்ச் அடித்து எண்ணிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுசுற்றில் தெரிந்தது.
பன்னிரண்டு இருபதுக்கு
கரும்பு வெட்டும் அஞ்சாபுலி செத்துப்போனார்.
ஒன்றே காலுக்கு
பூங்காவனத்துக்குப் பெண் குழந்தை.
விதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன், எழுத்து மாறவில்லை:
அவர் இருக்கிறார், அவள் இல்லை.
பறை அடித்துக்கொண்டிருந்த தெருவிலேயே நின்று
அவருக்கு நேராக வயது அறுபத்து மூன்று, தொழில் கூலி என்று
சரி பார்த்துக் கையெழுத்திட்டேன்.
தொட்டில் கட்டியிருந்த வீட்டில்
"பாப்பா பேரு போட்டாச்சா?" என்றாள் பூங்காவனம்.
அடுத்த கணக்கில் கட்டாயம் வரும், பத்து வருஷந்தானே என்றேன்.

அடுத்த கணக்கு அந்த வருஷம் வரவில்லை.
தொற்று வந்தது, தேதி தள்ளிப்போனது,
பிறகும் தள்ளிப்போனது.
நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

சிறுகரைப்பாக்கம், மக்கள்தொகை 2,318.
பேருந்து நிற்கும் இடத்தில் பெயின்ட்டால் எழுதியிருக்கிறது.
அதில் ஒருவர் அஞ்சாபுலி.
அந்தப் பலகையில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு
கழன்ற செயினை மாட்டிக்கொண்டிருக்கிறாள்
பதினாலு வயதுப் பெண்.
கை முழுக்கக் கிரீஸ்.
துடைக்க ஒன்றும் கிடைக்காமல்
எட்டாம் எண்ணின் மேல் தேய்த்துவிட்டு
மிதித்துப் போகிறாள்,
கோட்டைத் தாண்டி, டியூஷனுக்கு.